முதல் வாய்

ராஜா,

நானும் உன் மாமாவும் இங்கே இருக்கிறோம். நலமா என்று கேட்பாய். அந்தச் சொல்லை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு, போட முடிந்தால், நீயே போட்டுக்கொள். போன் இருக்கும்போது எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று தோன்றும். போனில் மூன்று தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் 'துன்னியா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். நீ தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. படித்த பிறகு உன்னோடு கம்பெனி ஆரம்பிக்கும் அந்த இரண்டு பையன்களுக்கும் படித்துக் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷம் மறைத்ததே போதும்.

போன வாரம் நீ போனில் ஒரு படம் அனுப்பினாய். சாராய பாட்டிலில் ஒட்டப்போகும் சீட்டு. பின்னால் நம் மலை, முன்னால் அடுப்பின் பக்கத்தில் பானையோடு ஒரு பெண். அவளுக்கு என் மூக்குத்தியைப் போட்டிருக்கிறாய். எனக்கு இருபது வயசு குறைத்திருக்கிறாய், அதற்கு உனக்கு ஒரு கும்பிடு. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை எதிர்வீட்டு டீச்சரிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். 'மூன்று தலைமுறைக் கைப்பக்குவம். மலைத் தண்ணீர். இன்று வரை ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யாதது.' டீச்சரம்மா படித்துவிட்டு, "பாக உந்தக்கா" என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டு போனாள். படத்தோடு நீ பேசி அனுப்பியதை நான் ஐந்து தடவை கேட்டேன். "அம்மா, ஊறல் போடறதுலேர்ந்து எறக்கற வரைக்கும் ஒண்ணு விடாம எய்தி வை. ஞாயித்துக்கெயம கேமராவோட வரோம். மாமாவ ஒக்கார வெச்சு மொத டம்ளர் அவரு கையில குட்து எடுக்கலாம். கூலிங்கிளாஸ் போட்டுக்கினு சூப்பரா இருப்பாரு." அதை உன் மாமாவும் பக்கத்தில் இருந்து கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, சனிக்கெயமயே பார்பர வரச் சொல்லு, ஷேவிங் பண்ணிக்கிறேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் சின்னப் பொய்யைத் தீர்த்துவிடுகிறேன். மூன்று தலைமுறை என்பது யார் கட்டிவிட்ட கதை? உன் தாத்தா வேர்க்கடலை போட்டவர், சாராயம் காய்ச்சுகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். உன் நைனா கல்யாணத்துக்குப் பிறகுதான் பிச்சாட்டூர் பக்கம் ஓர் ஆளிடம் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தார். கற்றுக்கொண்டு வந்த முதல் மாசம் இரண்டு பானையைக் கருக்கினார். இதுதான் நம் பரம்பரை. கரும்பு லாரியில் இருந்து விழுந்து அவர் போனபோது உனக்கு நாலு வயசு. எனக்குக் கையில் இருந்தது அவர் விட்டுப்போன அடுப்பும் பானையும்தான், அதனால் காய்ச்சினேன். மலைவாழ்க்கை, மலைமணம் என்று உன் கூட்டாளி ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தானாம். எனக்குத் தெரிந்த மலை வேறு. புகையில் இருமி இருமி நெஞ்சு வலிக்கும். ஓடைக்குப் பக்கத்தில் ஜீப் சத்தம் கேட்டால் கல்லில் முட்டி பெயர ஓடவேண்டும். ஊரில் பாதிப்பேர் என் சரக்கைக் குடித்துவிட்டுப் போய்ப் பெண்டாட்டியை அடிப்பார்கள், அந்தப் பெண்கள் மறுநாள் ரேஷன் கடை வரிசையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் இருப்பார்கள். அதையும் கேமராவில் எடுக்க முடியுமா என்று கேட்டுச் சொல்.

நீ கேட்ட பக்குவத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. கருப்பு வெல்லம், வேலம்பட்டை, தண்ணீர். மண்ணில் புதைத்த பானையில் ஊறப்போட்டு, அது நுரைத்து அடங்கியதும் பானைமேல் பானை அடுக்கிக் காய்ச்சி, மேல்சட்டியில் குளிர்ந்த தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். இந்த மலையடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பேர் முதல் வாய். அன்றைக்கு இறங்கியதில் முதல் டம்ளரைக் காய்ச்சியவளே குடித்துக் காட்ட வேண்டும். முதலில் வாங்க வந்தவன் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பும் வரை காத்திருந்துவிட்டுத்தான் பாட்டிலை நீட்டுவான். உன் நைனா அப்படித்தான் செய்தார், அவருக்குப் பிறகு நான் செய்தேன். மற்றபடி நான் குடித்தவள் இல்லை, ஊரில் ஒருத்தரும் என்னைக் குடிகாரி என்று சொன்னதும் இல்லை. தன் வயிற்றுக்குள் போகாததை இவள் நமக்கு ஊற்ற மாட்டாள் என்று நம்பினார்கள். எங்களிடம் லைசென்ஸ் கிடையாது, சீல் கிடையாது. அந்த ஒரு டம்ளர்தான் எங்கள் சீல்.

இனி சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நீ புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி, பெரிய குருகுலப் பள்ளிக்குப் பரீட்சை எழுதியிருந்தாய். அதில் உனக்கு சீட்டுக் கிடைக்க வேண்டும் என்று நான் கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தேன். ரிசல்ட் வரும் வரை கறி கிடையாது, சாராயம் நாக்கில் படக் கூடாது. அப்படி விரதம் இருக்கிறவள் அடுப்பையும் அல்லவா அணைத்திருக்க வேண்டும்? நான் அணைக்கவில்லை. கங்கம்மா கோவில் ஜாத்திரை வந்துகொண்டிருந்தது, வருஷத்தில் அதிகம் விற்கிற நாள் அது. நான் குடிக்காமல் இருந்தால் சரி, மற்றவர்கள் குடிப்பது என் விரதத்தில் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மனிடமே வக்கீல் வேலை பார்த்தேன். அதே சமயம் ஆபீசர்கள் வந்து ஓடைக்கரையில் புதைத்திருந்த என் ஆறு பானையையும் தோண்டி உடைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். புதுப் பானை இதற்கு ஆகாது, ஊறலைப் பாதி அதுவே குடித்துவிடும். பழகிய பானையை ஜாத்திரை சமயத்தில் யார் கொடுப்பார்கள்?

அப்போது உன் மாமாவுக்கு இருபத்து நாலு வயசு. சத்தியவேடு பக்கம் ஒரு பேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை. பெண் பார்த்து வெற்றிலைபாக்கு மாற்றியாகிவிட்டது. என் கஷ்டத்தைக் கேட்டவன் மறுநாளே ஒரு நீல டிரம்மை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பழைய சாமான் கடையில் வாங்கியது. "இன்னாடா இது?" என்றேன். "டிரம்முக்கா. ஒடையவே ஒடையாது. ஆபீசர் வந்து ஒதைச்சா அவங்க காலுதான் ஒடையும்." இரண்டு பேரும் சிரித்தோம். அந்த டிரம்முக்கு மேலே கை நுழையாத சின்ன வாய். பானையாக இருந்தால் சாம்பல் போட்டுத் தேய்த்திருப்பேன், இதில் கையே போகாது. கவிழ்த்தாலும் தோள்பட்டையில் தங்குவது முழுக்க வடியாது. கத்திரி வெயில், போரில் தண்ணீர் இல்லை, டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு குடம் தண்ணீரை ஊற்றி உருட்டி, பாறைமேல் கவிழ்த்து வைத்தேன். வெயிலில் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன்.

எடுக்கும்போது அந்த வாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன். புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவின் வாசனை வந்தது. இதை நீ இரண்டு தடவை படி. எனக்கு வாசனை தெரிந்தது. உன் மாமாவுக்குத் தெரிய வழியில்லை, பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப்போயிருந்தவன் அவன். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன். நாலைந்து நாளில் ஊறலின் புளிப்பு வாடை மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. நானும் அதை மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சிய அன்று மத்தியானம் ஜாத்திரை கமிட்டி ஆள் ஒருவர் கேன்களோடு வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முதல் டம்ளர் இறங்கியது. எடுத்தேன். அந்தக் காட்டத்துக்குப் பின்னால், ரொம்ப லேசாக, அதே கதவின் வாசனை. டம்ளரைக் கீழே வைத்தேன். "நான் விரதம்" என்று சொன்னேன். உன் மாமா சிரித்தான். "அதுக்கு இன்னாக்கா, நா இல்லியா? உன் பங்கும் சேத்து அடிக்கிறேன்" என்று எடுத்துக் குடித்துவிட்டு, அடுத்ததையும் பிடித்துக் குடித்தான். "எப்படிடா கீது?" என்று கேட்டேன். "ஜம்முனு கீதுக்கா. ஏமி காதுலே, ஊத்து" என்றான், ஒன்றும் ஆகாது, தைரியமாக ஊற்று என்று. கமிட்டி ஆள் கேனை நீட்டினார். நான், "நாளைக்கி வாங்கண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் முதல் வாய் முடிந்த பிறகு நான் யாரையும் நாளைக்கு வா என்று சொன்னதில்லை. வெற்றிலை மெல்லும் நேரம்தான் கணக்கு. அன்றைக்கு மட்டும் ஏன் நாளைக்கு என்றேன்? விரதம் என்பதால்தான் நான் வாயில் வைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லலாம், சாமியிடமும் சொல்லலாம். ஆனால் அந்த 'நாளைக்கு' என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குச் சந்தேகம் இருந்தது, ராஜா. ஊரார் வாயில் படுவதற்கு முன்னால் ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றிய எனக்கு, என் கூடப்பிறந்தவன் கையில் இருந்த டம்ளரைத் தட்டிவிடத் தோன்றவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். வெட்கமாக இருந்தது என்று ஒருநாள் தோன்றும். அத்தனை வெல்லமும் வீணாகிவிடுமே என்ற ஆசை என்று இன்னொரு நாள் தோன்றும். ஒன்றும் இருக்காது, இருந்தால் அவனுக்கு லேசாக வயிற்றைக் கலக்கும், அதோடு தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேனோ என்று தோன்றும் நாளில் எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்காது.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் அவன் வாசலில் நின்றுகொண்டு, "இன்னாக்கா இது, சித்திரையில இவ்ளோ பனி பேயுது?" என்றான். வாந்தி எடுத்தான். பனி இன்னும் விலகவில்லை என்றான். ஆட்டோ பிடித்துப் புத்தூர் போய், அங்கிருந்து திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் வலியில் சுருண்டுகொண்டே என் கையைப் பிடித்தான். "அக்கா, நா தமிள்நாட்டு பக்கம் போயி குடிச்சேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயே தொறக்காத. உன்ன புட்ச்சுக்கினு போனா புள்ள பரீட்ச இன்னா ஆவறது?" ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து, "எவரிச்சாருரா நீக்கு?" என்று கேட்டார், யார் கொடுத்தது என்று. அவன், "பார்டர் தாண்டி சார், தமிள்நாடு சைடு. ஆளு பேரு தெலீது" என்றான், தெரியாது என்று. அவர் வேறு மாநிலம் என்று எழுதிக்கொண்டு போனார். அங்கிருந்து இங்கே யாரும் கேட்டு வரவில்லை, இங்கிருந்து அங்கே யாரும் போகவும் இல்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. நான் ஊருக்கு வந்து மீதியை முழுக்க ஓடை மணலில் கொட்டினேன், டிரம்மைக் கோடாலியால் பிளந்தேன். அதற்குப் பிறகு அடுப்பைத் தொடவில்லை. பெண்வீட்டார் இரண்டு மாசம் பார்த்தார்கள், பிறகு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆளிடம் உன் மாமா, "அவங்க சொல்றதும் நாயந்தான்" என்றான்.

அவனுக்குக் கண் போன அதே வாரம் உன் ரிசல்ட் வந்தது. சீட்டுக் கிடைத்துவிட்டது. கங்கம்மா கோவிலில் கயிற்றை அவிழ்க்கும்போது நான் அழுததைப் பார்த்து நீ, "பாஸ் ஆனதுக்கு ஏம்மா அழுவுற?" என்று கேட்டாய். அந்த விரதம் உன் பேரில் இருந்ததால் இதில் உனக்கும் பங்கு என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காதே. உனக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. வாசனை வந்தது என் மூக்குக்கு. உனக்கும் அதே தமிழ்நாட்டுக் கடைக் கதையைத்தான் சொல்லி வளர்த்தேன். உனக்குப் பதினாலு வயசில், திருத்தணிக்குப் போகிற பஸ்ஸில், பார்டர் தாண்டியதும் ஒரு பிராந்திக் கடையைப் பார்த்து ஜன்னல் வழியாகக் காறித் துப்பினாயே, நினைவிருக்கிறதா? கண்டக்டர் உன்னைத் திட்டினார். "எங்க மாமா கண்ண இவனுங்கதான் எடுத்தானுங்க" என்று நீ அவரிடம் சண்டைக்குப் போனாய். நான் பக்கத்து சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். உன் எச்சில் விழ வேண்டிய இடத்துக்கு நீ இரண்டு அடிகூடத் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. டிரம்மைக் கொண்டுவந்தது தான்தானே என்று உன் மாமா தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டான். புளி உடைக்கும்போது, மாங்காய் சீசனில் நான் சித்தூர் பேக்டரி வேலைக்குப் போய்விட்டு வரும்போது, யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைக்கும்போது, திடீரென்று சொல்வான்: "என் தலையெயுத்த நானே வண்டியில கட்டிக்கினு வந்தேங்க்கா." ஒவ்வொரு தடவையும் நான், "வுடுடா, பயச பேசிக்கினு" என்று சொல்வேன். அதைச் சொன்னது அவனுக்காக என்று வெளியே தெரியும். உள்ளே எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அவன் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் வரை என்னை யாரும் கேட்க மாட்டார்கள். பொடியை அன்றோடு விட்டுவிட்டான். மூக்கு திரும்பி வந்துவிட்டது. இப்போது மூன்றாம் வீட்டில் தாளிப்பதை இங்கிருந்தே சொல்வான். அந்த மூக்கு அன்றைக்கு இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. உன் கம்பெனி மோசம் என்று நான் சொல்லவில்லை. வேறு மாநிலத்தில் முறையாக லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள், மெஷினில் பரிசோதனை செய்துதான் பாட்டிலில் அடைப்பார்கள் என்கிறாய். நான் காய்ச்சியதைவிட அது நல்லதாகவே இருக்கும். என் பயம் உன் சாராயத்தின் மேல் இல்லை. மெஷின் சொல்வதற்கு முன்னால் உன் மூக்குச் சொல்லும் ஒருநாள் வரும். எதிரில் ஆள் கேனோடு காத்திருப்பான், போட்ட சரக்கு அத்தனையும் கண் முன்னால் இருக்கும், பக்கத்தில் உன்னை நம்புகிற ஒருத்தன் 'நான் இல்லியா' என்று கையை நீட்டுவான். அன்றைக்கு நீ என்ன செய்வாய் என்பதுதான் என் பயம். அந்தச் சீட்டில் இருந்து 'ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யாதது' என்பதை எடுத்துவிடு. என் மூக்குத்தியையும் எடுத்துவிடு. மாமாவின் கையில் டம்ளரைக் கொடுத்துப் படம் எடுக்கும் பேச்சு வேண்டவே வேண்டாம்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று புதன்கிழமை உட்கார்ந்தேன். மத்தியானம். அவன் புளியில் இருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். வாசனை வந்ததைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்த காரணத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவன் கை நிற்கவில்லை. நாலைந்து கொட்டை எடுத்துப் போட்ட பிறகு, "வாசன டிரம்முலயா, டம்ளர்லயா?" என்று கேட்டான். "ரெண்டுலயும்" என்றேன். "ரெண்டுலயும்" என்று அவனும் சொன்னான். புளித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கி வான்னு சொன்னியே அந்தாளுகிட்ட, அது எனக்கு ஞாபகம் கீதுக்கா. ஏன் நாளைக்கின்னு சொன்னன்னு நானும் இத்தினி வருசமா யோசிச்சுக்கினுதான் கீறேன்" என்றான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையைக் கழுவிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு போய் ஆட்டுக்கொட்டகை பக்கம் உட்கார்ந்தான். பார்பரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவன் ஓர் ஆட்டுக்குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்குக் களி போட்டுக் கடலைச் சட்னி வைத்தேன். அவன் ஒரு வாய் பிட்டு எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். பதினைந்து வருஷமாக என் கையில்தான் துன்றான், ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ராஜா, உன் நைனா போனபோதுகூட நான் அப்படி உடைந்ததில்லை. அழுதால் அவனுக்குக் கேட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் துன்று காட்டலாம், ஆனால் அவன் எப்படிப் பார்ப்பான்? அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் இடது கையை எடுத்து என் தாடையில் வைத்துக்கொண்டேன். அவன் தட்டில் இருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றேன். அவன் கையை எடுக்கவில்லை. நான் மெல்ல மெல்ல, அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கி என் தொண்டையில் நின்றது. நான் விழுங்கினேன். அது இறங்கியதைத் தொட்டுத் தெரிந்துகொண்டு, கையை எடுத்துக்கொண்டான். பிறகு அவன் துன்ன ஆரம்பித்தான்.

அன்றைக்கு ராத்திரிக்கும் அப்படித்தான், இன்று காலையிலும் அப்படித்தான். தட்டு வைக்கும் சத்தம் கேட்டதும் இடது கையை என் பக்கம் நீட்டுகிறான். நான் போய் உட்காருகிறேன். மன்னித்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். இனி நான் இருக்கும் வரை ஒவ்வொரு வேளையும் இதைச் செய்ய வேண்டும் என்றால் செய்வேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை வா. மேல்சட்டியும் நடுப்பானையும் ஆட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள். நான் தடுக்கவில்லை. ஆனால் உன் முதல் பாட்டில் அடைத்து வந்த அன்று அதை வேறு எவனிடமும் கொடுக்காமல் நேரே இங்கே கொண்டுவா. உன் மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்து உன் தொண்டையில் வைத்துக்கொண்டு, நீ குடி.

உன் அம்மா